மாமாவின் வயது

சென்ற ஆண்டு பணி நிமித்தமாகக் கூலிமில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். நான்காம் படிவத் தமிழ் வகுப்பில் சொற்போர் நடந்துகொண்டிருந்தது. ‘தீயணைப்பு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னாள் இராணுவ வீரர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்’ என்பது தலைப்பு. கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் அமர்ந்தேன்.

ஆதரித்துப் பேசிய மாணவன் நன்றாகப் பேசினான். நாட்டுக்காகக் காட்டிலும் எல்லையிலும் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றான். எல்லாரும் கை தட்டினர். அடுத்து எழுந்த மாணவி குறிப்புத்தாளை மேசையிலேயே வைத்துவிட்டாள்.

“என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. தீயணைப்புப் பணிக்கு இரண்டு முறை விண்ணப்பம் செய்துவிட்டார். தினமும் மாலையில் திடலைச் சுற்றி ஓடிப் பயிற்சி செய்கிறார். அவருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தால், என் அண்ணன் செய்த தவறு என்ன? இராணுவத்தில் சேராததா?”

வகுப்பு அமைதியானது. ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்வித் துறையிலிருந்து வந்திருப்பவர் ஏதாவது தீர்ப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலும். என்னால் உடனே எதுவும் சொல்ல முடியவில்லை. என் பெரிய மாமாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

மாமா என் அம்மாவின் அண்ணன். பீடோங்கிற்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பதாவது வயதில், 1977இல், இராணுவத்தில் சேர்ந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் பால்வெட்டுக்குப் போகாமல் வேறு வேலைக்குப் போவது அப்போது பெரிய செய்தி. பாட்டி கோயிலில் பொங்கல் வைத்து அனுப்பினாராம். அந்தக் காலத்தில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய காடுகளில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுடன் மோதல்கள் தொடர்ந்தன. 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹட்ஞாயில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அந்தப் போர் முடிவுக்கு வந்தது. மாமா அந்தக் காடுகளில் பல மாதங்கள் சுற்றுக்காவல் போனவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். காயம்பட்ட தோழர் ஒருவரை ஒரு பகல் முழுக்கத் தோளில் தூக்கி நடந்த கதையை மட்டும் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதிலும் அட்டைக்கடியைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்.

1990இல் பாட்டி படுத்த படுக்கையானார். மாமா பதின்மூன்று ஆண்டுச் சேவையோடு இராணுவத்தை விட்டு ஊர் திரும்பினார். நம் நாட்டில் சாதாரணப் படைவீரர் ஒருவர் மாத ஓய்வூதியம் பெற இருபத்தோரு ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். அதற்கு முன் விலகுவோருக்கு அது கிடையாது. மாமாவுக்கும் கிடைக்கவில்லை. இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. “கணக்கு தெரிஞ்சுதானே வந்தேன்” என்பார்.

மறு ஆண்டு எங்கள் லயத்தில் தீப்பிடித்தது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

கெடாவில் அந்த நாள்களில் தீ என்றாலே ஒரு நடுக்கம் இருந்தது. 1989 செப்டம்பர் 22ஆம் நாள் யான் மாவட்டத்தில், குவார் செம்பெடாக்கை அடுத்த பாடாங் லூமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் மாணவியர் விடுதி எரிந்து 27 மாணவியர் உயிரிழந்தனர். எங்கள் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியர் எல்லாரையும் நிற்க வைத்து மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னது நினைவிருக்கிறது. அதன்பின் அம்மா இரவில் மண்ணெண்ணெய் அடுப்பை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

எங்கள் லயம் பன்னிரண்டு கதவுகள் கொண்ட பழைய பலகை வீடு. மேலே ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு உண்டு. ஆனால், அந்தத் தடுப்பு கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஆறாவது வீடு வரை மணக்கும். மணம் போகும் வழியில்தான் தீயும் போகும் என்பதை அன்று இரவு கண்டோம். நான்காவது வீட்டுக் குசினியில் பற்றிய தீ, சுவர் வழியாக அல்லாமல் கூரைக்கு அடியில் ஓடியது. ஆண்கள் நான்காவது வீட்டின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாமா வந்தார். ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். “நாலாவதை விடுங்க. அஞ்சும் ஆறும் போகட்டும். ஏழாவது வீட்டைப் பிரிங்க.”

ஏழாவது வீட்டில் இன்னும் தீ இல்லை. அந்த வீட்டு அக்கா கதவு நிலையைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமா கேட்கவில்லை. நான்கு பேர் மேலே ஏறித் தகரத்தைப் பெயர்த்தார்கள். கீழே பலகைகளை உடைத்து இழுத்தார்கள். தீ ஆறாவது வீடு வரை வந்து, தாவ இடமில்லாமல் நின்றது. ஏழாவது வீட்டு அக்கா அதன்பின் இரண்டு ஆண்டுகள் மாமாவோடு பேசவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்ததாகத்தான் எனக்கு இன்றும் படுகிறது.

அதற்குள் மாமா இன்னொரு வேலையைத் தொடங்கியிருந்தார். லயத்து மக்கள் அனைவரையும் பிரட்டுக் களத்துக்குப் போகச் சொல்லி, கங்காணியை விட்டுக் குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிடச் செய்தார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் அதே களத்தில், அதே குரலில், நள்ளிரவில் பெயர்கள் ஒலித்தன. ஐந்தாவது வீட்டுப் பாட்டியின் பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை.

மாமா கோணிச்சாக்கை நனைத்துத் தலையில் போர்த்திக்கொண்டு அந்த வீட்டுக் கதவை எட்டி உதைத்தார். கதவு திறந்ததும் உள்ளிருந்து தீ சீறிக்கொண்டு வெளியே வந்தது. புருவம் பொசுங்கியது, வலக்கை முழங்கை வரை வெந்தது. அவர் தரையோடு தரையாகப் படுத்து, புழுவைப் போல ஊர்ந்து உள்ளே போனார். பாட்டியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பாட்டி பிழைத்துக்கொண்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

தீயணைப்பு வண்டி பட்டணத்திலிருந்து செம்மண் சாலையிலும் ஒரு மரப்பாலத்திலும் ஏறி இறங்கி வரவேண்டியிருந்தது. அது வந்தபோது லயத்தின் ஒரு பகுதி கரியாகிக் கிடந்தது. மிச்சத்தை அவர்கள் அணைத்தார்கள். அந்தக் குழுவின் தலைவர், உடைத்துப் போட்டிருந்த ஏழாவது வீட்டைக் கைவிளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, “இதைச் செய்யச் சொன்னது யார்?” என்று மலாயில் கேட்டார். மாமாவைக் காட்டினோம். எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்றார். இராணுவத்தில் என்றார் மாமா.

“கூரையைப் பிரித்தது சரி. ஆள் எண்ணியது மிகச் சரி. ஆனால், அந்தக் கதவைத் திறந்தது தவறு. மூடிக் கிடக்கும் வீட்டில் தீ காற்றுக்காகக் காத்திருக்கும். கதவைத் திறந்தீர்கள், காற்றைக் கொடுத்தீர்கள். அது உங்களையும் அந்த அம்மாவையும் கொன்றிருக்கும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தம் வேலையை மதிக்கிறவர் சொல்வதுபோலச் சொன்னார். மாமாவும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிற்காலத்தில் இந்தக் கதையை யார் கேட்டாலும், பாட்டியைத் தூக்கி வந்ததைவிடக் கதவைத் திறந்த தவற்றைத்தான் மாமா விரிவாகச் சொல்வார். “இராணுவம் எனக்குப் பயப்படாம இருக்கக் கத்துக் கொடுத்துச்சு. தீயைப் பத்திக் கத்துக் கொடுக்கலையே.”

சில மாதங்கள் கழித்து நாளிதழில் தீயணைப்புப் பணிக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் வந்தது. மாமா அதைத் திண்ணையில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு நாளிதழை நான்காக மடித்து வைத்தார். விளம்பரத்தில் குறித்திருந்த வயதை அவர் தாண்டியிருந்தார். அவருக்கு அப்போது முப்பத்து மூன்று.

“எழுதிப் போட்டுத்தான் பாருங்களேன், அண்ணே” என்றார் அம்மா.

“எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டுத்தானே மடிச்சு வைக்கிறேன்” என்றார் மாமா. பிறகு சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கு இரவு ஜாகாவாகப் போனார். வேலையை விடும்வரை அந்த வேலைதான்.

வயது வரம்பு வைப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தீயணைப்பு வீரர் அணியும் காப்புடையும் முதுகில் சுமக்கும் காற்றுக்கலனும் சேர்ந்தால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தச் சுமையோடு படி ஏற வேண்டும். ஆளைத் தூக்கி இறங்க வேண்டும். அமெரிக்காவில் பணியின்போது உயிரிழக்கும் தீயணைப்பு வீரர்களில் பெரும் பகுதியினரைக் கொல்வது தீயன்று, மாரடைப்பு. நம் நாட்டில் தீயை மட்டுமா அணைக்கிறார்கள்? 2018 அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங்கில், நீரில் விழுந்த ஓர் இளைஞரைத் தேடப் போன தீயணைப்பு மீட்புத் துறையின் முக்குளிப்பு வீரர்கள் அறுவர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக வெள்ளம் இறங்கியபோதும், 2022 ஜூலையில் பாலிங்கின் கூப்பாங் பகுதியை வெள்ளம் அடித்துச் சென்றபோதும் சேற்றில் இறங்கித் தேடியவர்களுள் அவர்களும் இருந்தார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு உடல் வலிமை கேட்பது கொடுமையாகாது. அந்த வலிமையை வயதை வைத்து அளக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பதினெட்டில் இராணுவத்தில் சேர்ந்து இருபத்தோரு ஆண்டுகள் பணியாற்றியவர் வெளியே வரும்போது அவருக்கு முப்பத்தொன்பது. வேலைக்கு மனுப் போடும் வயதில் அவர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. நாடு அவரை வேறொரு வேலையில் வைத்திருந்தது. அந்த ஆண்டுகளே பின்னர் அவரைத் தடுக்கும் கதவாகின்றன.

கூலிமிலிருந்து திரும்பிய பிறகு, மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடிப் படித்தேன். அந்த மாணவிக்கு ஒரு பதில் தர வேண்டும் என்பது ஒன்று. மாமாவுக்காகவும்தான்.

தமிழ்நாட்டில் தீயணைப்பு வீரர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. 2023இல் அது அறிவித்த 3,359 இடங்களில் 674 தீயணைப்பு வீரர்களுக்கானவை. பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 26. முன்னாள் இராணுவத்தினருக்கு 47. அவர்களுக்கென்று நூற்றுக்கு ஐந்து இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. உத்தரப் பிரதேச அரசு 2025 ஜூனில் இன்னும் தூரம் போனது. நான்கு ஆண்டு மட்டும் இராணுவத்தில் பணிபுரிந்துவிட்டு வெளியே வரும் ‘அக்னி வீரர்’களுக்குக் காவலர், தீயணைப்பு வீரர் முதலிய பணிகளில் நூற்றுக்கு இருபது இடங்களை ஒதுக்க முடிவு செய்தது. நூற்றுக்கு இருபது என்று படித்ததும் கூலிம் மாணவியின் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

அமெரிக்காவில் 1944இல் இயற்றிய சட்டம் வேறு வழியைக் கையாண்டது. மத்திய அரசின் பணித்தேர்வில் தேர்ச்சி பெற்ற முன்னாள் வீரருக்கு ஐந்து மதிப்பெண், சேவையில் உடல் ஊனமுற்றவருக்குப் பத்து மதிப்பெண் கூடுதலாகத் தருவது. இது ஓரளவு நியாயமாகத் தெரிகிறது. ஆனால், அங்கே மாசசூசெட்ஸ் மாநிலம் தேர்வில் தேறிய முன்னாள் வீரர் எல்லாரையும் மற்ற எல்லாருக்கும் மேலே வைத்தது. ஹெலன் ஃபீனி என்ற அரசு ஊழியர் 1971இல் ஒரு தேர்வில் இரண்டாவது உயர்ந்த மதிப்பெண் பெற்றார். பட்டியலில் அவர் பெயர் ஆறாவது இடத்துக்குப் போனது. ஐந்து முன்னாள் வீரர்கள், ஐவரும் ஆண்கள், அவருக்கு முன்னே வைக்கப்பட்டார்கள். அவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒருவருக்கு வேலை கிடைத்தது. அந்த மாநிலத்தில் முன்னாள் வீரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் ஆண்கள். ஃபீனி வழக்குத் தொடுத்தார். 1979இல் உச்ச நீதிமன்றம், பெண்களை ஒதுக்கும் நோக்கத்தோடு அந்தச் சட்டம் செய்யப்படவில்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு எப்படி இருந்தாலும், அந்தப் பெண்மணியின் இடத்தில் நின்று பார்த்தால் கூலிம் மாணவி கேட்ட அதே கேள்விதான் எழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்திய மத்திய அரசின் விதி ஒன்று. 1979இல் வகுக்கப்பட்டது. அதில் சலுகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கழித்தல் கணக்குத்தான். முன்னாள் வீரரின் வயதிலிருந்து அவர் இராணுவத்தில் இருந்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். வருகிற எண், பணிக்குரிய உச்ச வயதை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும், அவர் விண்ணப்பிக்கலாம்.

அன்று இரவு ஒரு தாளை எடுத்து மாமாவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்து மூன்றில் பதின்மூன்று போனால் இருபது. லயம் எரிந்த ஆண்டில் என் மாமாவுக்கு வயது இருபது.

நம் நாட்டில் முன்னாள் வீரர்களுக்கென்று ஒன்றுமே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2012ஆம் ஆண்டின் முன்னாள் வீரர்கள் சட்டம் இருக்கிறது. தற்காப்பு அமைச்சின் கீழ் அவர்கள் நலனுக்கென்று ஒரு துறை இருக்கிறது. பெர்ஹெபாட் என்னும் நிறுவனம், இராணுவத்தை விட்டு வெளியேறுவோருக்குத் தொழிற்பயிற்சி தருகிறது. ஜூலை 31ஆம் நாளை வீரர் தினமாக ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். தீயணைப்பு நிலையம் இல்லாத ஊர்களில் பொதுமக்களே பயிற்சி பெற்றுச் செயல்படும் தன்னார்வத் தீயணைப்புப் படைகளும் உண்டு. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று அமைந்திருந்தால் மாமாதான் முதல் ஆளாகப் போயிருப்பார். ஆனால், தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயத்துக் குடும்பங்கள் சுங்கை பட்டாணியின் மலிவுவிலை வீடுகளுக்குச் சிதறிப் போயின. மாமா லயத்து வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்த மண் வாளிகளை யார் எடுத்துப் போனார்களோ தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே பள்ளியின் தொழில் வழிகாட்டி நாளுக்கு மாமாவை அழைத்துப் போனேன். அவருக்கு இப்போது அறுபத்தேழு வயது. வெள்ளைச் சட்டை போட்டு, பதக்கத்தைக் குத்தலாமா வேண்டாமா என்று கண்ணாடி முன் யோசித்துவிட்டுக் கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கழித்தல் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். யாருக்கும் இடம் ஒதுக்காமல், கதவை மட்டும் திறந்துவைப்பது இது என்றேன். அந்த மாணவி உடனே கை தூக்கினாள்.

“உள்ளே வந்த பிறகு ஓட்டமும் சோதனையும் எல்லாருக்கும் ஒன்றுதானா?”

“ஒன்றுதான்” என்றேன்.

“அப்படியானால் அண்ணனும் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன், டீச்சர்” என்றாள். முழுமையாக விட்டுக்கொடுக்காத அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

சொற்போரில் ஆதரித்துப் பேசிய மாணவன் மாமாவிடம், “தாத்தா, அன்றைக்கு உங்களைச் சேர்த்திருந்தால் நல்ல தீயணைப்பு வீரராக இருந்திருப்பீர்கள்தானே?” என்று கேட்டான். மாமா சற்று யோசித்தார். கை விரல்களால் வலக்கையின் பழைய தழும்பைத் தடவினார்.

“தெரியாதப்பா. சோதனை வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.”

பிறகு அவர் மாணவியைப் பார்த்து, “உன் அண்ணனுக்குப் புகைக்குள் ஊரத் தெரியுமா?” என்றார். அவள் தெரியாது என்றாள். மாமா மேசை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். அவளிடம் ஒரு கைக்குட்டையைக் கொடுத்துக் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். புகை சூடானது, மேலே ஏறும். மூச்சு விடுவதற்குரிய காற்று தரைக்குப் பக்கத்தில்தான் மிஞ்சியிருக்கும் என்றார். இடக்கை சுவரை விட்டு எடுபடக் கூடாது. சுவரை விட்டால் திசை போய்விடும் என்றார்.

“இப்போது கதவைக் கண்டுபிடி. கண்டுபிடித்ததும் உடனே திறக்காதே. முதலில் புறங்கையால் கதவைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் வேறு வழி தேட வேண்டும்.”

அவள் சீருடையில் தூசி படிவதைப் பொருட்படுத்தாமல் முழங்காலிட்டாள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இடக்கையால் சுவரைத் தடவிக்கொண்டு, அலமாரியைச் சுற்றி, குப்பைத்தொட்டியைத் தட்டிவிட்டு, அவள் மெல்ல மெல்லக் கதவை நோக்கி ஊர்ந்தாள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவளுக்குப் பின்னாலேயே நடந்தார்.